ஈரத்துணியோடு போன எல்லைக்கோடு

நேற்று வுச்சீரியாச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், யாரோ வினாகிரிப் போத்தலைப் போட்டு உடைத்துவிட்டார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும், வியா மக்வேதாத் தெருவில் இருந்த இங்கிலிஸ் சிஞ்ஞோரா வீட்டுச் சுவர் அப்படியே கண்முன் வந்துவிட்டது.

அந்த அம்மாவிடம் பன்னிரண்டு வருடம் வீட்டுவேலை செய்தேன். படிப்பு மூன்றாம் வகுப்புத்தான். ஆனால் நான் துடைத்த கண்ணாடியில் முகம் பார்க்காமல் போனவர் இல்லை. சிஞ்ஞோராவின் இத்தாலியனும் என்னுடையதும் ஒரே நொண்டி. அதனால் நன்றாகக் கதைத்தோம். கதையெல்லாம் அவ பிறந்த மாவட்டம்தான். பெரிய மாவட்டம் இல்லை. கவுண்டி என்கிற பெரிய பிரிவு ஒன்றுக்குள் கொஞ்சக் கிராமங்கள், அவற்றுக்கு ஒரு சபை, ஒரு கந்தோர். எங்கள் ஊரில் டீ.ஆர்.ஓ. கந்தோருக்குக் கீழே வருகிற பிரிவு மாதிரி, அதையும் இந்த இங்கிலிஸ்காரர்தானே எங்களுக்குக் கீறித் தந்தவர்கள்! அவவின் தகப்பன் அந்தக் கந்தோரில் கிளாக்கர். பிறகு அரசாங்கம் அதை அக்கம்பக்கத்தோடு சேர்த்துக் கட்டி, பேரையும் எடுத்துவிட்டதாம். மிஞ்சியது கண்ணாடி போடாமல் சுவரில் தொங்கிய, அச்சடித்த வரைபடம் ஒன்று. அதில் தகப்பன் சிவப்பு மையால் எல்லை கீறியிருந்தார்.

ஒருநாள் அந்தப் படத்தில் ஈ எச்சம். விடுவேனா? வினாகிரித் தண்ணீரில் துணியை நனைத்து ஓர் இழுவை. எல்லை துணிக்கு வந்துவிட்டது.

என் கத்தல் கேட்டு, கீழ் வீட்டில் வேலை செய்த மன்னார் ரீற்றா ஓடி வந்தாள். "எடியே, அரசாங்கம் மிச்சம் விட்டதை நீ துடைச்சுப்போட்டியே! வேலை போனா இஞ்சை இருக்க உனக்குத் தந்த பெர்மெசோவும் போகும்."

"வாயை மூடு. சிவப்புப் பேனை ஒண்டு கொண்டா."

எல்லை போட எழுத்து எதற்கு? பழைய கோட்டின் மங்கல் தெரிந்தது. ஆனால் என் கை வேலி அடைக்கிற ஊரில் பிறந்த கை. அடைக்கும்போதெல்லாம் கதியால் தடியை ஒரு சாண் அங்காலை, பக்கத்துக் காணிக்குள் தள்ளி நட்டுப் பழகிய கை. கோட்டுக்கு வெளியே ஒரு கிராமம் தனியே நின்றது. பாவமாக இருந்தது. உள்ளே எடுத்துவிட்டேன்.

சிஞ்ஞோரா வந்தா. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தின் முன் நின்றா, நின்றா, நின்றுகொண்டே இருந்தா.

"இந்தக் கிராமம் எங்கடை இல்லையே?"

"துடைக்கேக்கை அழிஞ்சு போச்சு சிஞ்ஞோரா. நான்தான் திருப்பிக் கீறினனான்."

"இதைப் பக்கத்து மாவட்டம் பறிச்செடுத்தது. அப்பா சாகுமட்டும் திருப்பிக் கேட்டு எழுதினவர்." பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினா. "நீர் ஒரு காலமைக்குள்ளை எடுத்துப்போட்டீர்!"

இப்போது சிஞ்ஞோரா இல்லை. அந்த வீட்டுப் படியில் சுற்றுலாக்காரர் பெட்டி இழுக்கிறார்கள். அவ தந்துவிட்டுப் போன படம் என் குசினியில், அடுப்புக்கு எதிரே தொங்குகிறது.

"அம்மா, இப்பிடி ஒரு இடம் போனிலை இல்லையே" என்கிறாள் மகள்.

"போனைச் செய்தவைக்குத் தெரியாதாக்கும்."

எல்லை கொஞ்சம் வெளிறிவிட்டது. வீடு முழுக்கத் துடைக்கிறேன். அந்தப் படத்தை மட்டும் வாயால் ஊதிவிடுகிறேன்.