பித்தளைச் சொம்பில் பிடிமண்

சித்தப்பாவின் தஞ்சாவூர் பங்களாவில், பூஜை அறையின் நடுவே ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. வாயில் மஞ்சள் துணி, கழுத்தில் பூச்சரம். உள்ளே பூர்வீக வீட்டுப் பிடிமண் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்த மண்ணை எடுத்த அன்று நானும் கூட இருந்தேன்.

புது வீட்டுக்குக் குடிபோகுமுன் முன்னோர் வாழ்ந்த இடத்தில் ஒரு பிடி மண் எடுத்து வந்து வைப்பது எங்கள் வழக்கம். எங்கள் பூர்வீகம் பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம் என்பது மட்டும்தான் தெரியும். ஆனால் சித்தப்பாவுக்கு நாங்கள் மிராசுதார் பரம்பரை. கல்யாணத்துக்குக் கல்யாணம் அதையே அளந்துகொண்டிருப்பார். வீட்டைக் கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய கிராம வரைபடத்தின் நகலை வாங்கினேன். ஊர்க் கணக்குப்பிள்ளை குடும்பத்தில் ஒரு பழைய குடிமதிப்புப் பட்டியல் இருந்தது. பூட்டன் பெயர், அவர் அப்பா பெயர், எல்லாம் பொருந்தின. தொழில் என்ற இடத்தில் ‘பண்ணையாள்’ என்றிருந்தது. வரைபடத்தில் அந்த வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கூலிக்காரர் குடியிருப்பில். எனக்கு உள்ளபடியே சந்தோஷம். நாற்றுக்கட்டு சுமந்த மனிதர் பெயரோடும் இடத்தோடும் கிடைத்துவிட்டார்.

சித்தப்பாவும் நானும் போனபோது அங்கே ஒரு ஓட்டு வீடு. விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்கார அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, நம்ம ஊருக்காரங்கதானா! வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க. மண்ணுதானே, கொல்லையில எடுத்துக்குங்க,” என்று டம்ளரை நீட்டினார்.

சித்தப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “வேணாம்மா, கார்ல தண்ணி இருக்கு.”

நீட்டிய கை அப்படியே நின்றது. நான் வாங்கிக் குடித்தேன்.

பாலம் தாண்டியதும் சித்தப்பா சீறினார். “மேப்பு தப்புடா. வாய்க்கால் இடம் மாறியிருக்கும்.”

“வாய்க்கால் மாறட்டும் சித்தப்பா. பண்ணையாள்னு எழுதியிருக்கே, அது?”

“வாயை மூடு. சின்னப் பொண்ணுக்கு வரன் பாக்குற நேரத்துல இதை எவன்கிட்டயாவது சொன்னே, தெரியும் சேதி!”

நேரே போய், மேலத்தெருவில் பாழடைந்து கிடந்த மிராசுதார் வீட்டு வாசலில் குனிந்து ஒரு பிடி அள்ளினார். மஞ்சள் துணியில் முடிந்து, கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டார். சீ, பெற்ற வம்சத்தை இப்படியுமா ஒருவன் துடைத்துப் போடுவான்!

போன வாரமும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பேரப்பிள்ளைகளைச் சொம்பின் முன் நிறுத்தி, “நல்லா விழுந்து கும்பிடுங்க, நம்ம முன்னோர் வீட்டு மண்ணு,” என்றார். குழந்தைகள் விழுந்தார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பூட்டன் மிராசுதாரைக் கும்பிட்டு நின்றிருப்பாரே, அதே வாசல் மண். இன்னும் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.