முதலில் வெளியே வந்த பிரிட்ஜ்

இதை எழுதலாமா என்று சில வருடங்களாகத் தயங்கினேன். மௌத்து நடந்த வீட்டு விஷயத்தைச் சொன்னால் புறம் பேசிய பாவம் வந்துவிடுமோ என்ற பயம்தான்.

மாத்தளையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மெலிந்த மனிதர். சொந்த வீட்டுக்குள் பக்கவாட்டாகவே நடந்து பழகியவர். பழைய கதவு, சக்கரமில்லாத சைக்கிள், நாவுலயில் யாரோ கழித்துவிட்ட பிரிட்ஜ் என்று எது கிடைத்தாலும் வீட்டில் கொண்டுவந்து வைத்துத் தடவிக்கொடுப்பார். "ஒரு நாளைக்கி தேவப்படும்" என்பார்.

அவருடைய உம்மா மௌத்தான அன்று, பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். பள்ளிவாசலில் ஜமாஅத் காத்திருக்கிறது. ஜனாஸாவை வைத்துத் தூக்கும் சந்தூக்குப் பெட்டியோ வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை; நடையை அடைத்துக்கொண்டு பிரிட்ஜ் நின்றது. உம்மா புறப்பட வேண்டுமானால் முதலில் பிரிட்ஜ் புறப்பட வேண்டும். நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். அழுதுகொண்டிருந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெதுவா நானா, மோட்டர் இன்னும் நல்லம்!" என்றார்.

"உம்மாவயும் இப்பிடிப் பாத்திருக்கலாம்" என்று தூக்கியவர்களில் ஒருவர் முணுமுணுத்தார்.

அடக்கிவிட்டு வந்த கையோடு, பிரிட்ஜோடு நாங்கள் முற்றத்தில் எடுத்துப் போட்டதையெல்லாம் அவர் திரும்ப உள்ளே இழுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னுமா உங்களுக்குப் புத்தி வரல்ல?" என்றேன்.

"முன்ன மாதிரி நெருக்கடி இல்ல நானா. உம்மாட கட்டில் இருந்த எடம் இப்ப சும்மாதானே இருக்கு."

அவருக்காக துஆக் கேட்பதா, அவரைத் திட்டுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. யாருக்காவது இதைச் சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். பிரிட்ஜ் ஒன்றுதான். அல்லாஹ்வுக்காக அதை இரண்டாக்கிவிடாதீர்கள்.