சகாயமேரிக்கு விழுந்த மதிப்பெண்கள்

செய்தி வந்தபோது நான் வேறொரு நர்சிங் கல்லூரியில் செய்முறைத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி பொம்மை நோயாளியின் கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். மேசைமேல் இருந்த கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தால், நம் கல்லூரியின் பழைய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகக் கைகூப்பும் படங்கள். யாருக்கு என்று தெரியாமல் மேலே தள்ளிக்கொண்டே போனேன். சகாயமேரி. காலையில் காபிக்கு அடுப்பைப் பற்றவைத்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். நீலசந்திரா பகுதியில் இருந்த வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அந்த மாணவிக்கு என்ன மதிப்பெண் போட்டேன் என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை.

எழுத்தில் ‘அவர்’ என்று போடுவதுதான் மரியாதை. முயன்று பார்த்தேன், வரவில்லை. இருபது வருடம் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் இருந்தவளை ‘அவர்’ என்று எழுதினால் யாரோ ஒரு முதல்வரைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கிறது. நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து போய்த் துணி மடிக்கிறேன், பால்கனியில் நிற்கிறேன், திரும்பி வந்து அந்த வரியை அடிக்கிறேன். இதில் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவளைப் புகழ்ந்தால் அது எனக்கே பொறுக்காது.

அவள் உட்கார மாட்டாள் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் நடந்துகொண்டே பேசுவாள். ஆசிரியர் அறையில் ஜன்னலோரம் நின்றபடி டப்பாவைத் திறந்து சாப்பிடுவாள். “உக்காந்தா தூக்கம் வருது கலா, சும்னே எதுக்கு வம்பு” என்று கன்னடம் கலந்து சொல்வாள். அவள் உட்காரும் இடம் ஒன்றே ஒன்றுதான். நாங்கள் முதன்முதலாகச் சேர்ந்து கணக்கெடுப்புக்குப் போனபோது அதைப் பார்த்தேன். நீலசந்திராவில் ஒரு சந்து. கட்டட வேலை செய்யும் ஒரு பெண் குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று அட்டையில் படிவத்தைச் செருகிக்கொண்டு கேள்விகளைப் படிக்க ஆரம்பித்தேன். சகாயமேரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த ஈரத் தரையிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஐந்து நிமிடத்தில் முடிக்கும் படிவம் அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பும்போது பஸ்ஸில் சண்டை போட்டேன். அவள் ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “நின்னுக்கினு கேட்டா, அவங்க மனசும் நின்னுக்கினுதான் பதில் சொல்லும் கலா.”

ஆராய்ச்சி முறையியல் புத்தகத்தில் அப்படி எங்கும் இல்லை என்றேன். நான் அப்படித்தான்.

இப்போது பொம்மனஹள்ளிக்கு வருகிறேன். அங்குள்ள தையல் ஆலைப் பெண்களுக்கு நலக்கல்வி கொடுத்தால் அவர்களுடைய மனநலம் மேம்படுகிறதா என்று நாங்கள் இருவரும் செய்த ஆய்வு. உங்களில் பலர் அதை வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்கிறீர்கள். முதலில் ஒரு படிவம்: தூக்கம் வருகிறதா, மனம் பாரமாக இருக்கிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்றெல்லாம் கேள்விகள். பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் வகுப்பு. கடைசியில் அதே படிவம் மறுபடியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆய்வின் முடிவு. பாடம் நடத்தியது சகாயமேரி. நேரம் பார்த்ததும் பதிவு செய்ததும் நான்.

நேரம் பார்ப்பதில் நான் பொல்லாதவள். அவளுடைய வகுப்போ எங்கெங்கோ போகும். ஒருத்தி மாமியாரைப் பற்றி ஆரம்பிப்பாள், இன்னொருத்தி ஆலையில் கழிப்பறைக்குப் போகக்கூட சூப்பர்வைசரிடம் கெஞ்ச வேண்டியிருப்பதைச் சொல்வாள், இவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். கடைசி ஞாயிறு, பாதிப் பாடம் பாக்கி இருக்க, அவள் யாருடைய கதையையோ கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னேன்: “மேடம், இப்படியே போனா இத்தனை வாரம் பண்ணதெல்லாம் வீண். ரிசல்ட் வரலன்னா அப்புறம் நீங்கதான் பதில் சொல்லணும்.” பெண்கள் டீக்கு வெளியே போனார்கள். திரும்பி வந்து, தலை குனிந்து, அமைதியாகப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தார்கள்.

முடிவு பிரமாதமாக வந்தது. கட்டுரை வெளியானது. முதல் பெயர் என்னுடையது. மாநாட்டில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய்ப் படித்தேன். அந்த வருடமே எனக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு சகாயமேரி மறுபடி பொம்மனஹள்ளிக்குப் போயிருக்கிறாள். வேலை ஒன்றும் இல்லை, கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனாளாம். திங்கட்கிழமை ஜன்னலோரம் டப்பாவைத் திறக்காமல் நின்றாள்.

“கலா, நம்ம ஃபார்ம் எல்லாம் போச்சு.”

“எலி கடிச்சுதா?”

“செல்விய ஞாபகம் இருக்கா? ரொம்ப முன்னேத்தம்னு எழுதுனமே, அவ. தூங்கி மாசக்கணக்கா ஆவுதாம். ஆலை பாத்ரூம்ல குழாயத் தொறந்து வுட்டுட்டு அழுவுறா. ‘ஏம்மா, நல்லாருக்கேன்னு டிக் போட்டியே’ன்னு கேட்டேன். என்ன சொன்னா தெரியுமா? ‘அது உங்களுக்கு வெச்ச பரீட்சைதான சிஸ்டர்? அந்தப் பெரிய மேடம் உங்கள அப்படித் திட்டுனாங்க. நாங்க ஒண்ணும் மாறலன்னு போட்டா உங்க வேலைக்கு ஏதாச்சும் ஆயிடும்னு டீக்கடையில பேசிக்கினோம். எல்லாரும் நல்லதாவே போட்டுட்டோம்’ங்கறா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன் என்பதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். “நான் உன் மேலதிகாரி இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். ‘பயத்துல சொல்றீங்க சிஸ்டர்’னுட்டா.”

செல்வியை அவளே ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனாள். மாதாமாதம் சீட்டு வாங்கும் வரிசையில் செல்வியோடு நின்றாள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கட்டுரை வெளிவந்த இதழுக்கு உண்மையை எழுத வேண்டும் என்றாள். மனிதர்களிடம் கேள்வி கேட்கும் எந்த ஆய்விலும் இந்தக் குறை இருக்கத்தான் செய்யும், அடுத்த கட்டுரையில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்றேன்.

“ஒரு வரில அடங்குற ஆளா செல்வி?” என்றாள். “நம்ம கட்டுரையப் பாத்து ஊர்ல எல்லாரும் ஆறு வகுப்பு நடத்துறாங்க. டாக்டர் கிட்ட போக வேண்டியவளையும் வகுப்புல உக்கார வெச்சுட்டு, சரியாயிட்டான்னு அனுப்பிடறாங்க. நீ எழுது கலா. உன் இங்கிலீஷ் நல்லாருக்கும். நான் கையெழுத்துப் போடறேன்.”

எழுதுகிறேன் என்றேன். முதலில் கல்லூரியைப் பார்வையிட அங்கீகாரக் குழு வந்தது. பிறகு மகள் கல்யாணம். பிறகு என் முழங்கால் அறுவைச் சிகிச்சை. அவள் கோபப்படவே இல்லை. வாரத்தில் ஒரு நாள், டப்பாவைக் கழுவிக்கொண்டே கேட்பாள்: “எழுதிட்டியா?” கோபப்பட்டதெல்லாம் நான்தான். ஒருநாள் கத்திவிட்டேன்: “உனக்கென்ன, உனக்குப் பதவி வரல. அதான் சும்மா சும்மா கேக்கற.” அவள் மிச்சமிருந்த இரண்டு வாய் சோற்றை நின்றபடியே சாப்பிட்டு முடித்தாள். “சரி, நாளைக்குக் கேக்கறேன்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

ஓய்வு பெற்ற பிறகும் தொலைபேசியில் கேட்டாள். இறப்பதற்கு நான்கு நாள் முன்னால்கூட அழைத்தாள். திரையில் பெயரைப் பார்த்தேன், மணி அடித்து ஓயும்வரை எடுக்கவில்லை. அந்தக் கேள்விதான் என்று நினைத்தேன். ஒருவேளை சும்மா பேசக் கூப்பிட்டிருக்கலாம். இனித் தெரியப்போவதில்லை, அது என்னைப் படுத்துகிறது.

அவள் வீட்டுச் சந்தில் ஷாமியானாப் பந்தல் கட்டி பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. வாசல்படி ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து நின்றாள். செல்வி. முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது. என்னிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை இது: “மேடம், சிஸ்டர் ரொம்ப நல்லா சொல்லிக் குடுத்தாங்க மேடம். எங்களுக்கெல்லாம் நல்லாப் புரிஞ்சுது.”

செத்துப்போனவளுக்கு, என்னிடமிருந்து காப்பாற்றுவதற்காக, இன்னமும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தாள்.

என் முழங்கால் மடங்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாகத் தரையில் உட்கார்ந்தேன். அவளையும் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். “செல்வி, நான் சிஸ்டருக்கு அதிகாரி இல்லம்மா. அவ கூட வேலை பாத்தவ. நீங்க போட்ட டிக்கால அவளுக்கு ஒண்ணும் கிடைக்கல. எனக்குத்தான் பதவி கிடைச்சுது.”

அவள் கேட்டாள்: “அப்போ நாங்க சிஸ்டருக்குன்னு போட்டதெல்லாம் உங்களுக்கா போய்ச் சேந்துச்சு மேடம்?”

“ஆமா” என்றேன். பிறகு, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். நல்லாருக்கேன் என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். மாத்திரை வேலை செய்வதாகவும், அடுத்த மாதம் வரிசையில் தனியாகத்தான் நிற்க வேண்டும் என்றும், அதை நினைத்தால்தான் பயமாக இருப்பதாகவும் சொன்னாள். நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகவே, அவளை அறிந்த உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: அந்தக் கட்டுரையை இனி வகுப்பில் நல்ல உதாரணமாகக் காட்டாதீர்கள். அந்தப் பெண்கள் தங்கள் மனநிலையை எழுதவில்லை. தங்களுக்குப் பிடித்த ஒரு நர்சின் வேலையைக் காப்பாற்றினார்கள். அதற்கு நான்தான் காரணம். இந்தக் கட்டுரை முடியாமல் இழுத்துக்கொண்டே போனதால், நேற்று இதை ஒதுக்கி வைத்துவிட்டு இதழுக்கான கடிதத்தை எழுதினேன். நாங்கள் என்ன செய்தோம், அவர்கள் ஏன் அப்படிப் பதில் சொன்னார்கள், எல்லாவற்றையும் எழுதி, உண்மையைக் கண்டுபிடித்தவள் சகாயமேரி என்றும் எழுதி அனுப்பிவிட்டேன். அதில் என் கையெழுத்து ஒன்றுதான் இருக்கிறது.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று, வலித்தாலும் தரையில் உட்காருவது. மற்றது அந்தக் கேள்வி. எழுதிட்டியா என்று கேட்டால் ஆமாம் என்று இப்போது சொல்லிவிடுவேன். கேட்கத்தான் அவள் இல்லை.