வெறுங்கண்ணாடியில் எழுந்த மேடு

செருப்பை மாற்றிக்கொண்டு பிளாஷெனா அந்த ஆய்வுக்கூடத்துக்குள் நுழையத் தொடங்கி இருபத்தேழு வருடமாகிறது. அகச்சிவப்புக் கருவியை அவளைப் போல் தாஜா செய்து வேலை வாங்க பிராக் நகரத்தில் ஆளில்லை. ஆனால் பட்டம் கிடையாது. டிசம்பரில் பேராசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் வேலை.

ஆய்வு மாணவன் ராடோவானின் ஆராய்ச்சியும் அவள் கைவழியாகத்தான் போனது. வைரத்தின் நுண்தூளைத் தங்கம் பூசிய கண்ணாடியில் பரப்பி ஹைட்ரஜனில் சுட்டால், துகள்மேல் ஹைட்ரஜன் ஒட்டிக்கொள்ளும் என்பது அவன் வாதம். சாட்சி, அகச்சிவப்புக் கருவி திரையில் வரையும் கோட்டில் 2900 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எழும் மேடு. வியாழக்கிழமை நடுவர்கள் அதை ஒப்புக்கொண்டால் முனைவர் பட்டம்.

திங்கள் காலை அவளுக்கு ஒன்று உறுத்தியது. ஒப்பிடுவதற்காக இத்தனை நாள் அளந்த வெறுங்கண்ணாடி ஒருமுறைகூட உலைக்குள் போனதில்லை. அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே அளப்பதோடு சரி. தூளே இல்லாத கண்ணாடி ஒன்றைச் சுட்டு எடுத்து அளந்தாள். மேடு அங்கேயும் நின்றது. உலையின் வால்வு கசிகிறதென்று முன்பு மசகு பூசியது அவள்தான். அது சூட்டில் ஆவியாகி எல்லாக் கண்ணாடியிலும் படிந்திருக்கிறது. மசகுக்கும் அதே இடத்தில்தான் மேடு.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அந்த யோசனை அரைமணி நேரம் நகராமல் உட்கார்ந்திருந்தது. பிறகு ராடோவானைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"விளையாடாதீங்க, பிளாஷெனாம்மா. வியாழக்கிழமை விருந்துக்கு அறுபது பேருக்கு ரொட்டி சொல்லியாச்சு."

"என் மூஞ்சியப் பாத்தா விளையாடற மாதிரியா இருக்கு?"

அவன் நாற்காலியில் விழுந்தான்.

"தூள் பரப்பின கண்ணாடிய, எடை கூடின கன ஹைட்ரஜன்ல சுட்டுப் பாப்போம்," என்றாள். "அது தூள்மேல ஒட்டியிருந்தா மேடு 2100ல வரும். மசகுல இருக்கறது சாதா ஹைட்ரஜன், அந்தப் பக்கமே எட்டிப் பாக்காது."

உலை ஆற ஐந்து மணி நேரமானது. அவன் நகத்தைக் கடித்துத் தீர்த்தான்.

"ஆறிடுச்சா?"

"பத்தாவது தடவை கேக்கற. அவசரப்பட்டுத் திறந்தா இருக்கறதும் போயிடும்."

ஒருவழியாகத் திரையில் கோடு ஓடியது. 2900ல் மேடு. கோடு 2100க்கு வந்தது. இஸ்திரி போட்ட துணி மாதிரி தட்டையாகப் போனது.

"திரும்ப எடுங்க."

மூன்று முறை எடுத்தாள். மூன்று முறையும் தட்டை. வைரத்தில் எதுவும் ஒட்டவில்லை.

வெகுநேரம் கழித்து, தானாகவே, ராடோவான் பேராசிரியருக்குப் போன் போட்டான். வியாழக்கிழமையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் காரணத்தையும் சொன்னான். மறுமுனைக் கத்தல் அவளுக்கே கேட்டது.

"மசகு பூசின முட்டாள் யாருய்யா?"

ராடோவான் அவளைப் பார்த்தான். டிசம்பர் கையெழுத்து விஷயம் அவனுக்கும் தெரியும்.

"நான்தான் சார்," என்றான்.

நாலு வருட உழைப்பு போன அந்த நிமிஷத்தில் அவனுக்கு இவள் நினைப்பு வந்திருக்கிறது. பிளாஷெனா போனை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"பூசினது நான் சார். இந்தப் பையனுக்கு வால்வு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது."