நேராக நடக்காத கோழிக்குஞ்சு

என் அலுவலக மேசையில், கணினித் திரைக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் நடுவே, ஒரு மஞ்சள் கோழிக்குஞ்சு நிற்கிறது. கட்டைவிரல் உயரமே உள்ள பிளாஸ்டிக் பொம்மை. விலாவில் இருக்கும் சாவியைத் திருகிவிட்டால் டக்டக்கென்று நடக்கும். ஆனால் நேராக நடக்காது. புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே இடப்பக்கம் சாய்ந்து, வளைந்து, மேசை விளிம்பைத் தேடிப் போய் விழும். விழுந்து விழுந்து அலகின் நுனி உடைந்துவிட்டது. நான் வேலை செய்வது அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் நிறுவனத்தில். ஒரு மயிரிழை விலகினாலும் கருவியைத் திருப்பி அனுப்பிவிடுவோம். அப்படிப்பட்ட இடத்தில் இந்தக் கோணல் குஞ்சு எதற்கு என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் கேட்பார்கள். "அண்ணி கொடுத்தது" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். முழுவதையும் சொல்ல ஒரு தேநீர் இடைவேளை போதாது.

அண்ணி கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நான் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் எனக்கும் வயதில் பெரிய வித்தியாசமில்லை. கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில், அடிபட்ட கைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவில் அவருக்கு வேலை. வருகிறவர்களில் பாதிப்பேர் குழந்தைகள். முறிந்து கூடிய மணிக்கட்டு, கதவிடுக்கில் நசுங்கிய விரல், வெந்நீர் பட்ட உள்ளங்கை. பயிற்சி வலிக்கும். வலியைத் தாங்கிக்கொண்ட பிள்ளை வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அண்ணி தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதி. ஏதாவது ஒரு சின்னப் பொம்மை கட்டாயம் உண்டு. மருத்துவமனை அதற்கெல்லாம் பணம் ஒதுக்காது என்பதால், மலிவான பொம்மை எங்கே கிடைக்கும் என்று அவர் கண்கள் எந்நேரமும் துழாவிக்கொண்டே இருக்கும். கோயிலுக்குப் போனாலும் சரி, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் காய்கறி வாங்கினாலும் சரி, திரும்பும்போது கைப்பையில் ஒரு பம்பரமோ ரப்பர்த் தவளையோ இருக்கும்.

"கொஞ்சம் நல்லதா வாங்குங்களேன் அண்ணி. ரெண்டு வெள்ளிக்கு வாங்குற சாமான் ரெண்டு நாள் வருமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"விலை கூடுதலா இருந்தா அம்மாமாருங்க பொட்டியோட அலமாரி மேல தூக்கி வெச்சுருவாங்க லா. புள்ள கையில குடுக்க மாட்டாங்க. ஒடஞ்சாலும் பரவால்லன்னு நெனைக்கிற பொம்மதான் புள்ளைக்குப் போய்ச் சேரும்."

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், நெகிழி உறை பிரிக்காமல், என் சிறுவயதுப் பேசும் பொம்மை ஒன்று அப்போதும் உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமைகளில் அவரோடு நானும் போக ஆரம்பித்தேன். கிள்ளானில் ரயில் ஏறி கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றுவோம். முன்பக்கம் குத்துவிளக்கும் சாம்பிராணியும் விற்கும் கடைகளில், பின்பக்கம் கூரையிலிருந்து பொம்மைப் பைகள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். எதையும் நிபந்தனை எழுதாமல் வாங்கிப் பழக்கமில்லாதவள் நான். கைபேசியில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன்: சாயம் ஒட்டக் கூடாது, ஓரம் கீறக் கூடாது, கழன்று விழுந்து வாய்க்குள் போகிற துண்டு இருக்கக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவ முடிய வேண்டும், பேட்டரி கூடவே கூடாது. நடக்கிற பொம்மையாக இருந்தால் கடைக்காரர் மேசையிலேயே ஒவ்வொன்றையும் நடக்கவிட்டுப் பார்ப்பேன்.

"என்னம்மா, ப்ளேனுக்கா பார்ட்ஸ் வாங்குற? பொம்மதானே லா" என்றார் கடைக்காரர்.

"விடுங்கண்ணே, எங்க வீட்டு எஞ்சினியரு" என்றார் அண்ணி. "நாளைக்கு மாப்பிள்ளை வந்தாலும் சாவி குடுத்து நடக்க விட்டுப் பாத்துட்டுதான் சரின்னு சொல்லுவா."

அந்தக் கோழிக்குஞ்சு அப்படித்தான் என் கையில் சிக்கியது. ஒரு பையில் இருந்த குஞ்சுகளில் இது மட்டும் கோணலாகப் போனது. தூக்கிப் பார்த்தேன். இடக்கால் வார்ப்பு அச்சிலிருந்து சரியாக வெட்டப்படாமல், அடியில் பிசிறு நின்றது. கழிக்க வேண்டிய பொருள் என்று ஒதுக்கி வைத்தேன். "இதையும் சும்மா கொண்டுட்டுப் போம்மா, வித்தா எனக்கே திரும்பி வரும்" என்று கடைக்காரர் அதையும் பைக்குள் போட்டுவிட்டார். அது அண்ணியின் கைப்பையின் அடியில் போய்க் கிடந்தது.

அந்த நாட்களில் அண்ணி சாப்பாட்டு மேசையில்கூட ஒரு சிறுமியைப் பற்றித்தான் பேசுவார். சுங்கை பூலோவிலிருந்து வருகிற ஐந்து வயதுப் பெண். அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர் வலது கையில் கொட்டிவிட்டது. புண் ஆறிவிட்டது, கட்டும் பிரித்தாகிவிட்டது. ஆனால் அவள் அந்தக் கையை விரிக்கவே இல்லை. விரல்களை உள்ளே மடித்து, வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொள்வாள். யாராவது தொட வந்தால் வீறிடுவாள். இப்படியே இருந்தால் புதுத்தோல் இறுகி விரல்கள் மடிந்தபடியே நின்றுவிடும், மறுபடி அறுவை சிகிச்சைதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அண்ணி எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டார். சோப்புக் குமிழி ஊதினார். இடக்கையால் உடைத்தாள். களிமண் கொடுத்தார். இடக்கையால் உருட்டினாள். கண்ணாடி வளையல் காட்டினார். இடக்கையை நீட்டினாள்.

"அவளுக்கு அந்தக் கையி இருக்குறதே மறந்துபோச்சு" என்றார் அண்ணி. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவர் விரல்கள் நின்றுவிட்டன.

அவளுக்காகவே நான் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தேன். கிள்ளானில், பூக்கடைகள் இருக்கும் தெருமுனையில், ஒரு கடையில் சாவி கொடுத்தால் ஓடும் சிவப்பு வண்டு. வயிற்றுக்கு அடியில் குறுக்காக ஒரு குட்டிச் சக்கரம் வைத்திருந்தார்கள். மூக்கு மேசை விளிம்பைத் தாண்டித் தாழ்ந்ததும் அந்தச் சக்கரம் மேசையைத் தொட்டு, வண்டைத் திருப்பிவிடும். எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் கீழே விழாது. பேட்டரி இல்லை, ஒளிவுமறைவு இல்லை, ஒரே ஒரு சக்கரத்தில் இத்தனை அறிவு. என் பட்டியலின் எல்லா நிபந்தனைகளுக்கும் பொருந்திய முதல் பொம்மை அதுதான். வகுப்புக்கு விடுப்புப் போட்டுவிட்டு நானே அதை மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு போனேன். சிறுமியின் தாயிடம் கேட்டு, அண்ணி என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தார்.

குட்டை மேசை. எங்களுக்கு எதிரே சிறுமி. சுவரோரம் அவள் அம்மா, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி. நான் வண்டை ஓடவிட்டேன். விளிம்புக்குப் போனது, திரும்பியது. மறு விளிம்புக்குப் போனது, அங்கேயும் திரும்பியது. "பாத்தியா, விழவே விழாது!" என்றேன். சிறுமி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடக்கையால் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தாள். அண்ணி கைப்பையில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று துழாவினார். சீப்பு வந்தது, ரயில் அட்டை வந்தது, கடைசியில் அந்தக் கழிவுக் குஞ்சு வந்தது. சாவியைத் திருகி அவளை நோக்கி விட்டார்.

குஞ்சு டக்டக்கென்று கிளம்பியது. பாதியில் தன் இடப்பக்கம், அதாவது அவளுடைய வலப்பக்கம், சாய்ந்து திரும்பியது. நேரே விளிம்புக்குப் போய், தலைகீழாகத் தரையில் விழுந்து, மல்லாந்த நிலையிலும் கால்களை உதைத்துக்கொண்டே இருந்தது.

"ஐயோ" என்றாள் சிறுமி. "விழுந்துருச்சு."

அண்ணி அவள் முகத்தையே பார்த்தார். குஞ்சை எடுத்து, தூசி தட்டி, மறுபடி சாவி கொடுத்தார். மறுபடி அதே வளைவு, அதே விளிம்பு. நான் பழக்கதோஷத்தில் பிடிக்கக் கையை நீட்டினேன். மேசைக்கு அடியில் அண்ணியின் கால் என் காலை அழுத்தமாக மிதித்தது. கையை இழுத்துக்கொண்டேன். சிறுமியின் வலது கை, மூடிய முஷ்டியாக, வயிற்றை விட்டு வெளியே வந்தது. இடக்கையில் என் வண்டு இருந்தது. அதை விட அவளுக்கு மனமில்லை. குஞ்சு முஷ்டியில் மோதி, உருண்டு, விழுந்தது.

அண்ணி மூன்றாவது முறையாகச் சாவி கொடுத்தார். அந்தச் சின்ன உலோகத் திருகலின் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. குஞ்சு வந்தது, சாய்ந்தது, விளிம்பை நெருங்கியது. மேசைக்குக் கீழிருந்து அந்தக் கை எழுந்து வந்து விளிம்போடு ஒட்டி நின்றது. பிறகு விரிந்தது. ஒரே வீச்சில் இல்லை. முதலில் சுட்டுவிரல், அப்புறம் மற்றவை, நடுங்கிக்கொண்டு, புதுத்தோல் பளபளக்க, முழுதாக நேராகாமல். ஆனால் ஒரு குஞ்சு கால் வைக்கப் போதுமான இடம் அங்கே இருந்தது. அது மேசையிலிருந்து இறங்கி அவள் உள்ளங்கையில் ஏறி, நடக்கவும் செய்தது. அந்தக் குட்டிக் கால்கள் கூசியிருக்க வேண்டும். சிரித்துவிட்டாள்.

"ஏய், பாத்து நடக்கத் தெரியாதா ஒனக்கு?" என்று குஞ்சை அதட்டினாள். அவள் அம்மாவின் குரல் அப்படியே அவள் வாயில் வந்தது. சுவரோரம் இருந்த அம்மா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணி கைதட்டவில்லை, பாராட்டவில்லை. "இன்னொரு தடவ விடட்டுமா தங்கம்? விழாமப் பாத்துக்குறியா?" என்றார், இட்லி இன்னொன்று வைக்கட்டுமா என்று கேட்கிற குரலில். எத்தனையோ இயந்திரங்கள் முதன்முதலாக ஓடத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஐந்து விரல்கள் திறந்ததற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

வீடு திரும்பும் ரயிலில் அண்ணி வாய்விட்டுச் சிரித்தார். "விழாத பொம்மையத் தேடிப் புடிச்சு வாங்கியாந்தியே மா. விழாததுக்கு யாரு கை நீட்டுவா?" பிறகு தானே சொன்னார்: "ஆனா ஒன் வண்டு இல்லன்னா இடக்கையாலதான் புடிச்சிருப்பா. அத மறக்காத." என் பட்டியலின் அடியில் 'விழ வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தேன்.

அதன் பிறகு வாரந்தோறும் அந்தக் கை குஞ்சுக்குப் பாலமாகவும் மேடையாகவும் பாதையாகவும் ஆனது. அறுவை சிகிச்சை தேவையில்லை என்று மருத்துவர் சொன்ன நாளில், வழக்கப்படி அண்ணி குஞ்சை அவளுக்கே கொடுத்தார். அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இதுக்கு இன்னும் நேரா நடக்க வரல டீச்சர். இங்கயே இருந்து பழகட்டும்" என்றாள். வண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். பழக வேண்டியவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். குஞ்சு அவர்கள் எல்லோர் கையிலும் நடந்தது. காலடிப் பிசிறை ஒரு அரத்தால் தேய்த்தால் சரியாகிவிடும் என்று நான் ஒருநாள் சொன்னபோது, "கை வெச்சே, தொலஞ்ச!" என்று அண்ணி பிடுங்கிக்கொண்டார்.

இப்போது அண்ணனும் அண்ணியும் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறார்கள். புறப்படும்போது அண்ணி குஞ்சை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அங்கேயும் அவருக்கு அதே வேலை. அறை நிறையப் பொம்மைகள் இருக்கின்றனவாம். போன வாரம் தொலைபேசியில் குறைபட்டுக்கொண்டார்: "இங்க எல்லாமே நேராத்தான் நடக்குது லா. என்ன பண்றதுன்னே தெரியல." அதனால் சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் போனேன். கடைக்காரர் மேசையில் குஞ்சுகளை வரிசையாக விட்டேன். நேராகப் போனவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோணல்களை மட்டும் பொறுக்கி எடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார்.

இன்று மதியம் அவற்றைப் பொட்டலம் கட்டுமுன், பழைய குஞ்சோடு சேர்த்து ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. முதலில் பழையதற்குச் சாவி கொடுத்தேன். அப்போதுதான் எங்கள் மேலாளர், கையில் ஓர் அறிக்கையோடு, அதில் இருந்த பிழையைப் பற்றிக் கடுமையாகப் பேசிக்கொண்டே என் மேசைக்கு வந்தார். குஞ்சு சாய்ந்தது, வளைந்தது, விளிம்பை நோக்கிப் போனது. நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் பேச்சை நிறுத்தவில்லை, பார்வையைக்கூட முழுதாகத் திருப்பவில்லை. ஆனால் அவருடைய இன்னொரு கை தானாக வந்து விளிம்புக்குக் கீழே நின்றது. ஐந்து விரல்களும் விரிந்திருந்தன.