பெண் பார்க்க வந்தவர்கள் பார்த்த முதுகு

அறுபதுகளின் கடைசியில், கச்சான் காற்று வீசுகிற ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திருகோணமலை பாலையூற்றுக்கு அப்பால் இருந்த ஒரு சூட்டுத் திடலில் இது நடந்தது. எனக்குக் கலியாண வயது தாண்டிக்கொண்டிருக்கிறது என்று அப்போது ஊரெல்லாம் ஒரே கவலை. எனக்கு மட்டும் அந்தக் கவலை இருக்கவில்லை. தபால் கந்தோரில் டெலிபோன் ஒப்பரேட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் பிஸ்டல் சூடு என்று சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பிஸ்டல் சூடு என்றதும் பயந்துவிடாதீர்கள். வெள்ளைக்காரன் கடற்படையைக் கட்டிக்கொண்டு போனபோது விட்டுச்சென்ற வெளி அது. மேற்கே உயர்ந்த மண் அணை, அணைக்கு முன்னால் இலக்குத் தாள்கள் ஒட்டிய மரச் சட்டங்கள், இந்தப் பக்கம் ஒரு நீள மேசை. மேசைக்குச் சற்றுப் பின்னால் ஒரு கயிறு கட்டியிருக்கும். பார்க்க வருபவர்கள் அதைத் தாண்டக்கூடாது. கந்தோர்க்காரர், ஒரு டாக்குத்தர், கிண்ணியாவில் அரிசி மில் வைத்திருந்த ஒருவர் என்று கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு கழகம் நடத்தினார்கள். துறைமுகக் களஞ்சியத்தில் வேலை பார்த்த என் அப்பாதான் திடலுக்குப் பொறுப்பு. சின்ன ரவை போடும் பிஸ்டலால் தாளில் ஓட்டை போடுவது, பிறகு போய் அந்த ஓட்டைகளைக் கோதுமை மாப் பசையும் கடதாசித் துண்டும் வைத்து மூடுவது, திரும்பவும் ஓட்டை போடுவது. விளையாட்டு அவ்வளவுதான். ஓட்டை மூடப் போன நான், ஒருநாள் அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஓட்டை போடவும் பழகிக்கொண்டேன்.

இதனால்தான் முன்பு வந்த இரண்டு இடமும் தட்டிப்போயின. பொம்பிளை துவக்குச் சுடுமாம் என்ற கதை காதில் விழுந்ததுமே ஒரு வீட்டார் சாதகம் பொருந்தவில்லை என்றார்கள். மற்ற வீட்டார் அந்தச் சாக்குக்கூடச் சொல்லவில்லை. ஆகவே மூன்றாவதாகக் கிளிவெட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளையின் பேச்சு வந்தபோது அம்மா எங்கள் எல்லோருடைய வாயையும் பூட்டிவிட்டார். சுடுகிற கதையை வீட்டில் ஒருவரும் எடுக்கக்கூடாது. இந்த இடமும் தட்டிப்போனால் அதன் பிறகு நான் திடல் பக்கமே தலை வைத்துப் படுக்கக்கூடாது. இதுதான் அம்மாவின் தீர்ப்பு.

எனக்கோ திடல், மாப்பிள்ளை இரண்டும் வேண்டும். அந்த வீட்டார் ஒரு குடும்பப் படம் அனுப்பியிருந்தார்கள். எல்லோரும் கோட்டுக் கூண்டில் சாட்சி சொல்ல நிற்பதுபோல விறைத்துப்போய் நிற்க, பின்வரிசையில் நின்ற மாப்பிள்ளை மட்டும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். எதற்குச் சிரித்தார் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. அந்தப் படத்தை அலுமாரியிலிருந்து எத்தனை தரம் எடுத்துப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. இந்த வயதில் மறைத்து என்ன, ஆளை எனக்குப் பிடித்துவிட்டது.

அவர்கள் பெண் பார்க்க வருவதாகச் சொன்ன அதே ஞாயிற்றுக்கிழமை, மட்டக்களப்பிலிருந்து ஒரு கழகத்தார் எங்கள் திடலுக்குப் போட்டிக்கு வந்திருந்தார்கள். முதல்நாள் பார்த்து எங்கள் அணியில் ஒருவருக்குக் கண்ணோய். கண் இரண்டும் செவ்வரத்தம் பூவாகச் சிவந்து, பீளை கட்டி, அவருக்கு இலக்கு என்ன, அணையே தெரியவில்லை. ஆள் குறைந்தால் போட்டி இல்லை. அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சாமிப் படத்தைப் பார்த்தார்.

"காலமை வெள்ளெனத் துவங்கிக் காத்து எழும்ப முதல் முடிச்சுப்போடுவம். அவையள் பின்னேரந்தானே வருகினம்" என்றார் அப்பா.

"கையிலை வெடிமருந்து மணக்கப்படாது, சொல்லிப்போட்டன்" என்றார் அம்மா. அதைத்தான் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

கச்சான் காலத்தில் வெயில் ஏறினால் காற்றும் ஏறும். நீட்டிய கை ஆடும். அதனால்தான் நாங்கள் விடியப் போனோம். ஆனால் அதே காற்று கொட்டியாரக் குடாவையும் கலக்கும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. பின்னேரம் கடல் கொந்தளிக்கும் என்று பயந்து மாப்பிள்ளை வீட்டார் மூதூரில், குடாவைக் கடக்கும் முதல் லோஞ்சிலேயே ஏறிவிட்டார்கள். அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு குசினி அடுப்படியில் நின்றபோது வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. தயிர்ச் சட்டிகளோடு மாப்பிள்ளையும் தாயாரும் இறங்கினார்கள். அம்மா கதிரை போட்டு, தேத்தண்ணி ஊற்றி, மகள் கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி முடிக்கவில்லை. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, எங்கள் பிள்ளை இன்று சூட்டுப் போட்டியில் மட்டக்களப்பாருக்கு ஒரு பாடம் படிப்பிக்கப் போகிறாள் என்று திடலையும் காட்டிக்கொடுத்துவிட்டார். நல்ல மனுசி. பெருமையில் சொன்னதுதான்.

"அப்ப வாங்கோ, போய்ப் பாத்திட்டு வருவம்" என்று தாயார் எழும்பிவிட்டாராம்.

இது ஒன்றும் தெரியாமல் நான் கடைசிச் சுற்றில் நின்றேன். பிஸ்டல் சுடுவது ஒற்றைக் கையால். வலது கையை நீட்டிப் பிடிக்கும்போது இடது கை ஆடாமல் இருக்க அதை இடுப்பில் ஊன்றிக்கொள்வோம். வெடிச்சத்தத்துக்குக் காதுகளில் பஞ்சை நன்றாக அடைத்திருப்போம். மேசைக்கு முன்னால் நின்றால் அணையைத்தான் பார்க்க வேண்டும். யார் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது. வீடு பற்றி எரிந்தாலும் அப்பா "நிறுத்து" என்று கைகாட்டிய பிறகுதான் திரும்பலாம்.

பாதிச் சுற்றில், பக்கவாட்டில் நின்ற அப்பாவின் முகம் ஒரு மாதிரிப் போனது. பிறகு எனக்குப் பக்கத்தில் நிலத்தில் நிழல்கள் விழுந்தன. காலை வெயில் எங்கள் முதுகுப் பக்கம். கயிற்றுக்குப் பின்னால் நிற்பவர்களின் நிழல் நீண்டு வந்து எங்கள் காலடியில் விழும். ஒரு குடையின் நிழல். அதன் பக்கத்தில் உயரமான ஒரு ஆணின் நிழல். அதற்கும் பக்கத்தில், இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு ஒரு நிழல். அது அம்மா. அந்தக் கைகளை எனக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை காலமையிலேயே அம்மா தலையில் கை வைத்து நிற்கிறார் என்றால் மற்ற இரண்டு நிழலும் யார் என்று கணக்குப் போட எனக்கு நேரம் எடுக்கவில்லை.

என் நிலையை யோசித்துப் பாருங்கள். பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். பெண்ணோ பழைய சட்டையோடு, ஒரு கையில் பிஸ்டல், மறுகை இடுப்பில், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அவசரப்பட்டு விசையை அழுத்திவிட்டேன். அந்த ரவை இலக்குத் தாளின் விளிம்பைத்தான் தொட்டது. கையைத் தாழ்த்தி மூச்சு விட்டேன். இது போனது போனதுதான், மாப்பிள்ளையும் போயிற்று, பிஸ்டலும் போயிற்று, இன்றைக்குத்தான் கடைசியாகச் சுடுகிறேன் என்றால் ஒழுங்காகவாவது சுட்டுவிட்டுப் போகிறேன் என்று ஒரு வீம்பு வந்தது. அந்த வீம்பில் கையை மறுபடி நீட்டினேன். மிச்ச ரவைகள் எல்லாம் தாளின் நடுக் கறுப்புக்குள்ளேயே போய் இறங்கின. அன்றைக்கு முன்னும் பின்னும் நான் அப்படிச் சுட்டதில்லை.

அப்பா நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். எல்லோரும் ரவைக்கூட்டைக் கழற்றி, பிஸ்டலைத் திறந்து, குழல் அணையைப் பார்க்க மேசையில் வைத்தோம். அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்து, வெறுமை என்று தலையாட்டினார். இனி இலக்கடிக்குப் போய்த் தாளைப் பார்க்கலாம். திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் நான்தான் எல்லோருக்கும் முன்னால் நடந்தேன்.

ஒரு திடலில் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு. ஆட்கள் இலக்கடியில் நிற்கும்போது மேசையில் இருக்கும் பிஸ்டலை ஒருவரும் தொடக்கூடாது. அது வெறுமையாக இருந்தாலும் சரி, கழற்றிப் போட்டிருந்தாலும் சரி. வந்து போகிறவர்களுக்கு இது தெரியாது. அவர்களுக்கு அது மேசையில் கிடக்கிற ஒரு சாமான்.

தாளைக் கழற்றிவிட்டு வேறு வழியில்லாமல் திரும்பினேன். படத்தில் பார்த்துப் பார்த்துப் பாடமாக்கிய முகத்தை அப்போதுதான் முதன்முதலாக நேரில் பார்த்தேன். அவர் கயிற்றுக்குக் கீழால் குனிந்து உள்ளே வந்து, என் பிஸ்டலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழல் எங்கள் பக்கம்.

"வையுங்கோ! கீழை வையுங்கோ! பின்னுக்குப் போங்கோ!"

அப்படி ஒரு குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. காதில் பஞ்சு இருந்ததால் எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்பதும் தெரியவில்லை. பாலை மரத்துக் காகங்கள் எழும்பிப் பறந்தன. மாப்பிள்ளை சுடு சட்டியைத் தொட்டவர்போலப் பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியபடி பின்னால் போய், கயிற்றில் தடக்கி, வெளியே விழுந்து எழும்பினார். அப்பா போய் அவரிடம், தான் சொல்லும்வரை கயிற்றுக்கு வெளியிலேயே நிற்கச் சொன்னார். டாக்குத்தருக்கும் ஒருமுறை அதே தண்டனைதான் கிடைத்தது. அப்பாவுக்கு ஆள் பேதம் கிடையாது. மட்டக்களப்பார் சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

நான் தாளைக் கையில் பிடித்தபடி கயிற்றடிக்கு வந்தேன். குடையோடு நின்ற தாயார் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. அவசரமாகப் பஞ்சை இழுத்து எடுத்தேன்.

"என்ன மாமி சொன்னனீங்கள்?"

அவர் பஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுவோ விசயம்! அப்ப இவ்வளவு நேரமும் நான் கதைச்சது ஒண்டும் உனக்குக் கேக்கேல்லையே மகள்?"

"இல்லை மாமி."

பின்னால் நின்று அவர் கதைத்ததை எல்லாம் பிறகு அம்மா சொல்லித்தான் அறிந்தேன். எங்கள் ஊரில் யானைக்குத்தான் வெடி வைப்பார்கள், இவள் யாருக்கு வைக்கிறாள் என்று கேட்டிருக்கிறார். இடுப்பில் கை வைத்து நிற்கிற நிலையைப் பார், சண்டைக்காரி என்றிருக்கிறார். இவ்வளவு சொல்லியும் நான் திரும்பாமல் நின்றதைப் பார்த்து, என்ன பொறுமையான பிள்ளை என்று மனம் மாறியிருக்கிறார். அந்தப் பொறுமை முழுவதும் பஞ்சுதான் என்று தெரிந்ததும் குடை குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"இவனுக்கு மேலை ஏழு அக்காமார். கேட்டதெல்லாம் குடுத்து வளத்தது. வை எண்டு ஒருத்தரும் இண்டுவரைக்கும் சொன்னதில்லை, இவனும் வைச்சதில்லை" என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். "அந்த ஏழு பேரும் ஒரே நேரத்திலை கதைப்பாளுகள் மகள். நானும் குறைஞ்ச ஆளில்லை. எங்கட வீட்டுக்கு வரேக்கை இந்தப் பஞ்சை மறந்திடாமல் கொண்டு வா."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. கலியாணத்துக்குப் பிறகும் நான் இங்கே வரலாமா என்று கேட்டேன். அம்மா என்னைக் கிள்ளியது இன்றும் கையில் நினைவிருக்கிறது.

"ஞாயிற்றுக்கிழமையிலையும் லோஞ்சு ஓடுந்தானே" என்றார் மாமி.

மாப்பிள்ளையின் சம்மதத்தை ஒருவரும் கேட்கவில்லை. அவர் கயிற்றுக்கு வெளியே, உடுப்பெல்லாம் புழுதியாக, அதே படத்துச் சிரிப்போடு நின்றுகொண்டு அப்பாவிடம், "இப்ப நான் உள்ளை வரலாமோ?" என்று கேட்டார். அதற்கு மேல் என்ன சம்மதம் வேண்டும்?

அடுத்த ஆட்கள் சுட முன் மற்றத் தாள்களின் ஓட்டைகளை மூட வேண்டும். அப்பா பசைச் சட்டியை அவர் கையில் கொடுத்து என்னோடு அனுப்பினார். எல்லோரும் பார்க்க, ஒருவருக்கும் கேட்காமல் நாங்கள் இரண்டு பேரும் அந்த வெளியில் நடந்தோம். படத்தில் ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டேன். படம் பிடிக்க வந்தவரின் கறுப்புத் துணிக்குள் ஒரு ஆட்டுக்குட்டி புகுந்ததாம். தன்னைத் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லையாம். நான் ஒட்டுகிற துண்டுகளுக்கு அவர் பசை பூசித் தந்தார். பாதிப் பசை அவர் போட்டிருந்த சேட்டில்தான்.

போட்டியில் நாங்கள் தோற்றோம். விளிம்பில் போன அந்த ஒரு ரவைதான் காரணம் என்று அப்பா கணக்குக் காட்டினார். மட்டக்களப்பாருக்குக் கிண்ணமும் போயிற்று, மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தயிரில் பெரும் பங்கும் போயிற்று. இனிப்புப் பாணி விட்டு, வாழையிலையில் போட்டு, பாலை மரத்துக்குக் கீழே இருந்து எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம்.

சில வருடங்களில் நாட்டு நிலைமை மாறி, துவக்குகளை எல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள். திடலைப் பற்றைக்காடு மூடிவிட்டது. அதுவரைக்கும் நான் ஞாயிற்றுக்கிழமை லோஞ்சில் வந்து சுட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் ஒருநாளும் சுட்டதில்லை; பசை பூசுவதில் மட்டும் நல்ல தேர்ச்சி பெற்றுவிட்டார். எங்கள் கலியாண ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இருப்பது படம் அல்ல, அன்றைய இலக்குத் தாள். ஏழு மச்சாள்மாரும் கூடுகிற நாட்களில் மாமி எனக்கு மட்டும் தெரியும்படி காதைத் தொட்டுக் காட்டுவார். நாங்கள் இரண்டு பேரும் குசினிக்குள் போய்ச் சிரிப்போம்.

ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றும். அன்று கடல் அமைதியாக இருந்து, சொன்னபடி பின்னேரமே அவர்கள் வந்திருந்தால், சேலை கட்டித் தலை குனிந்து தேத்தண்ணி கொடுத்த யாரோ ஒரு பெண்ணைத்தான் அவருக்குப் பிடித்திருக்கும், என்னை அல்ல.