கையில பட்டுச்சா கண்ணு?

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கம்பெனியில் ஓர் ஊசிமுனை காணாமல் போனது.

ஊசிமுனைதானே என்கிறீர்களா? நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் நான் குவாலிட்டி மேனேஜராகக் குப்பை கொட்டும் பனியன் கம்பெனி தைப்பது கைக்குழந்தைகளின் உடுப்பு. மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடிப் பொறுக்கி என்னிடம் கொடுத்தால்தான் புது ஊசி. கூடவே என் திட்டும் இலவசம். ஒரு துண்டு தப்பினாலும் அது எங்கோ ஒரு பிஞ்சு முதுகில் போய்க் குத்தும்.

கூட்டுகிற அம்மா ஓர் அரை ஊசியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். முனை இல்லை. உடைத்தவர் யாரென்று யாரும் வந்து சொல்லவும் இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! மொத்தத் தையல் லைனையும் நிறுத்தினேன்.

"யாரு? இப்ப சொல்லலைன்னா எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்!"

ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறிக் கத்தினேன். காந்தத்தை வைத்து உடுப்பு உடுப்பாகத் தேடினோம். ம்ஹூம்.

அந்த லைனுக்கு சூப்பர்வைசர் சுப்பிரமணி. குன்னத்தூர்க்காரர். யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவர். அன்று காலையில்தான் முதலாளியிடம் போட்டுக் கொடுத்திருந்தேன் — "ஆளு தங்கமுங்க. ஆனா லைனுக்கு ஆகமாட்டாரு. மாத்திரலாமுங்க." இப்போது முதலாளிக்கே புரியும் என்று உள்ளுக்குள் ஓர் அற்ப சந்தோஷம்கூட. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சுப்பிரமணி மெதுவாக வந்தார். "சார், எல்லாத்தையும் டீக்கு உட்டுப்போட்டு நான் கேக்கட்டுங்களா?"

"கேளுங்க, கேளுங்க" என்றேன், நக்கலாக.

டீ டம்ளரும் கையுமாக ஒவ்வொருவரிடமும் போனார். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்.

"கையில பட்டுச்சா கண்ணு?"

யார் உடைத்தது என்று கேட்கவில்லை. முனை எங்கே என்றும் கேட்கவில்லை.

முத்துலட்சுமி என்று ஒரு பெண். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் 'ஓ'வென்று அழுதாள். வேஸ்ட் துணி சுற்றியிருந்த கட்டைவிரலை நீட்டினாள். நாங்கள் காந்தத்தோடு தேடிக்கொண்டிருந்த முனை அந்த விரலுக்குள் இருந்தது! காலையிலிருந்து அதோடுதான் தைத்திருக்கிறாள்.

"ஏன் கண்ணு சொல்லலை?"

"சார் வைவாருன்னு பயந்துட்டேண்ணே..."

சார் என்பது நான்தான்.

"அப்ப புது ஊசிக்கு என்ன பண்ணுனே?" என்றார் சுப்பிரமணி.

முத்துலட்சுமி தலையைக் குனிந்தபடி பர்ஸைத் திறந்தாள். உள்ளே கடையில் வாங்கிய ஊசிகள். என் முகத்தில் முழிக்காமல் இருக்கச் சொந்தக் காசில் வாங்கி வைத்தவை. பக்கத்து மெஷின் அக்கா எழுந்து வந்தார். தன் பர்ஸிலிருந்த ஊசிகளையும் எடுத்து சுப்பிரமணியின் உள்ளங்கையில் வைத்தார். அப்புறம் இன்னொருவர். அப்புறம்... பாதி லைன்.

நான் வந்த பிறகு கம்பெனியில் ஊசி உடைவதே குறைந்துவிட்டது என்று பெருமையடித்துக் கொண்டிருந்தவன் நான். ஊசிகள் பாட்டுக்கு உடைந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. என்னிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இத்தனை நாளில் எந்தக் குழந்தையின் உடுப்போடு எது போய்ச் சேர்ந்ததோ?

கத்துகிறவனைக் கண்டு எல்லோரும் பயப்படுவார்கள். ஆனால் உண்மையைக் கொண்டுபோய்க் கொடுப்பதென்னவோ சுப்பிரமணி மாதிரி ஆட்களிடம்தான். நான் தொண்டை கிழியக் கத்தியும் வெளியே வராததை அந்த மனுஷர் ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் கொண்டுவந்துவிட்டார். இவரையா லைனுக்கு ஆகமாட்டார் என்றேன்?

முத்துலட்சுமியை அவரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நான் முதலாளிக்கு போன் போட்டு, சுப்பிரமணியை மாற்ற வேண்டாம் என்றேன்.

"ஏனுங்க, காலைல வேற மாதிரி சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டனுங்க."

விரலில் கட்டோடு சனிக்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். நானும் திருந்திவிட்டேன் இல்லையா... அவள் மெஷின் அருகே போய், என்னால் முடிந்தவரை குரலைத் தாழ்த்திக் கேட்டேன்:

"கை எப்படிம்மா இருக்கு?"

சட்டென்று எழுந்து நின்றாள்.

"ஊசி ஒண்ணும் உடையலை சார்!"